தப்பு சிஸ்டர் சொன்ன சரி

மானிட்டரில் கோடு நேராகப் போய்விட்ட இதயத்துக்கு மின்சாரம் கொடுத்துப் பயனில்லை. தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை ஒரு நொடி அடக்கி, ஒழுங்காக மறுபடி ஆரம்பிக்க வைக்கத்தான் அந்த மின் அதிர்ச்சிப் பெட்டி இருக்கிறது. இதை எங்கள் வீட்டு டிவியைப் பார்த்து எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எட்டு மணித் தொடரில் வாரத்துக்கு ஒருவருக்காவது கோடு நேராகப் போகும். டாக்டர் ஹீரோ கையில் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எதையோ எடுத்து உரசுவார். நோயாளி ஒரு முழம் எழும்பி விழுவார். கோடு மறுபடி நெளியும். ஹீரோ கூலிங் கிளாஸைக் கழற்றி ஒரு வசனம் பேசுவார். ஆபரேஷன் தியேட்டருக்குள் கூலிங் கிளாஸ் எதற்கய்யா என்று கேட்க அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாதி கிடையாது.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தால் இந்தக் கூத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கீழ் வீட்டில் இருக்கும் என் தங்கையும் அவள் மகளும் அந்த நேரத்துக்கு என் வீட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தங்கை மகளுக்கு ஒன்பது வயது. ஒரு இடத்தில் இருக்கமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"சும்மா இங்க உக்காந்து கத்தி என்ன பிரயோஜனம்?" என்றாள் தங்கை ஒரு நாள். "கத்தறதுன்னா அங்க போய்க் கத்து."

அவள் கிண்டலாகச் சொன்னது நிஜமாகிவிட்டது. அந்தத் தொடரின் தயாரிப்பு நிர்வாகியின் அப்பா எங்கள் வார்டில் பத்து நாள் இருந்தார். அவர் வீடு திரும்பும் நாளில் மகன் என்னிடம் வந்து, "சிஸ்டர், எங்க சீரியலுக்கு மருத்துவ ஆலோசனைக்கு ஒருத்தர் வேணும், வாரத்துல ஒரு நாள் வந்தா போதும்" என்றார். எனக்கு விடுமுறை நாள் வியாழன். படப்பிடிப்பும் வியாழன். ஒத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி செட் ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது. சுவரைத் தட்டினால் பலகைச் சத்தம் வந்தது. முதல் நாளே எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். அந்த நோயாளிக்கு இதயம் வலது பக்கம் இருந்தது. குளுக்கோஸ் பாட்டிலின் குழாய் நோயாளியின் கைக்கு வராமல் தலையணைக்கு அடியில் போய் முடிந்திருந்தது. தலையணைக்கு நீர்ச்சத்துக் குறைவு போலிருக்கிறது. ஹீரோ நெஞ்சை அமுக்குகிறேன் பேர்வழி என்று முழங்கையை மடக்கி மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நான் "தப்பு, தப்பு" என்று சொல்லிக்கொண்டே போனதில், மதியச் சாப்பாட்டுக்குள் எனக்குத் தப்பு சிஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். லைட் பிடிப்பவர் முதல் டைரக்டர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

எழுத்தாளரோடுதான் எனக்கு வாராவாரம் மல்லுக்கட்டு. சினிமா பார்த்தே வளர்ந்தவர். எந்த நோயாக இருந்தாலும் அதற்கு ஒரு சினிமாக் காட்சி வைத்திருப்பார். அவர் எழுதும் டாக்டர் வில்லன் மாதிரி சிரிப்பார், ரவுடி மாதிரி கையை உதறுவார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கும்போது கூட ஒரு சூப்பர்ஸ்டார் மாதிரி பேனாவைச் சுண்டிப் பிடிப்பார். "ஜனங்க விசிலடிக்க வேணாமா சிஸ்டர்?" என்பார். ஜுரத்துக்கு ஒரு மாத்திரை எழுதுவதற்கு எவன் விசிலடிப்பான்?

இவ்வளவு எரிச்சலிலும் நான் ஏழு மாதம் அங்கே போய்வந்ததற்குக் காரணம் வாலுதான்.

வாலுவுக்கு வலிப்பு நோய் உண்டு. ஆறு வயதில் வந்தது. தினம் இரண்டு வேளை மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. பெரிய பயம் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால். அதைவிட, என்ன செய்யக்கூடாது என்று தெரிந்திருந்தால். ஆனால் தங்கை பள்ளிக்கூடத்தில் சொல்லவே இல்லை. நான் சொல்லச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

"சொன்னா என்னக்கா ஆகும்? தனியா உக்கார வெப்பாங்க. ஓட விடமாட்டாங்க. மத்த பசங்க பக்கத்துலயே வரமாட்டாங்க. அவளை நோயாளியாவே ஆக்கிடுவாங்க."

"சொல்லலைன்னா, வந்தப்போ என்ன செய்யணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வராதுக்கா. மாத்திரைதான் போட்டுட்டு இருக்கோமே."

இந்த இடத்தில் எங்கள் பேச்சு எப்போதும் நின்றுவிடும். மேலே பேசினால் அவள் அழுவாள். அழும் ஆளிடம் என்ன சண்டை போடுவது?

அப்போதுதான் எழுத்தாளர் ஒரு வலிப்புக் காட்சியை எழுதிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுகிறாள். ஹீரோ மேஜையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்து அவள் பற்களுக்கு நடுவில் வைக்கிறார். கேமரா பக்கம் திரும்புகிறார். "எமன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரணும்."

படித்ததும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "தப்பு" என்றேன். அன்று நான் சொன்ன தப்பு கிடங்குக்கு வெளியே கேட்டிருக்கும்.

"நாக்கைக் கடிச்சுக்குவாங்களே சிஸ்டர்?" என்றார் எழுத்தாளர்.

"கடிச்சா கடிக்கட்டும், புண் ஆறிடும். ஸ்பூனை உள்ள விட்டா பல்லு உடையும். உடைஞ்ச துண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போனா என்ன பண்ணுவீங்க? விடறவங்க விரலும் போகும்."

டைரக்டர் நாற்காலியிலிருந்து திரும்பினார். பொறுமையான மனிதர், அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சல். "சரி சிஸ்டர், ஸ்பூன் இல்லைன்னா ஹீரோ என்ன செய்வார்?"

"ஒருக்களிச்சுப் படுக்க வெப்பார். பக்கத்துல இருக்கற நாற்காலி, மேஜையெல்லாம் தள்ளி வெப்பார். தலைக்கு அடியில ஏதாவது மெத்துன்னு வெப்பார். கையைக் காலை அமுக்கிப் பிடிக்க மாட்டார். அப்புறம் மணி பார்ப்பார். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஊசி போடணும்."

"மணி பார்க்கறதுக்கு ஹீரோ எதுக்கு? சுவர்ல கடிகாரம் இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தங்கை மகளைப் பற்றி அன்றுதான் அவர்களிடம் சொன்னேன். இந்தத் தொடரை எங்கள் தெருவில் பார்க்காத வீடு இல்லை, அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மறுநாள் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள், நான் நூறு பேரைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தாலும் உங்கள் ஹீரோ ஒரு தடவை செய்வதுதான் நிற்கும் என்று சொன்னேன்.

எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு அவரே வழி சொன்னார். ஸ்பூன் இருக்கட்டும், ஆனால் அதை எடுப்பது கேன்டீன்காரர். அவர் அந்தப் பெண்ணின் வாயருகே கொண்டுபோகும்போது ஹீரோ பாய்ந்து வந்து பிடுங்குகிறார். "வாயில எதுவும் வைக்கக் கூடாது" என்கிறார். எமன் வசனத்தை ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீன்காரரிடம் சொல்கிறார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து மணி பார்க்கிறார். இரண்டு நிமிடம், பின்னணி இசை கூட இல்லாமல்.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக நான் "சரி" என்றேன். செட்டில் கைதட்டினார்கள்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்திலேயே நின்றேன். தலை எந்தப் பக்கம், கை எப்படி, கண் எப்படிச் செருகும், எல்லாம் அந்த நடிகைக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஹீரோ கூலிங் கிளாஸைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டதே எனக்குப் பெரிய வெற்றி. வீட்டுக்கு வந்து தங்கையிடம் காட்சி காட்சியாக நடித்துக் காட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாரும் அதைப் பார்த்துட்டாங்கன்னா, சொல்றது எனக்கும் சுலபம்தான்" என்றாள். திங்கட்கிழமை அந்தக் காட்சி வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்வது. அவளே தேதி குறித்தாள்.

இங்கே என் கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தொடரின் கடைசியில் ஓடும் பெயர்களில் மருத்துவ ஆலோசனை என்று போட்டு என் பெயரும் வரும். முதல் நாளே வாலு கண்டுபிடித்துவிட்டாள். "பெரியம்மா, உன் பேருல கால் காணோம்." உண்மைதான். என் பெயரில் இருக்க வேண்டிய துணைக்கால் விழுந்து, நெடில் குறிலாகி, படிக்கிறவர்களுக்கு நான் வேறு யாரோ. ஆஸ்பத்திரித் தொடரில் கால் இழந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். ஏழு மாதம் சொன்னேன். "டைட்டில் போடறவங்கிட்ட சொல்றேன் சிஸ்டர்" என்று ஏழு மாதம் பதில் வந்தது. தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கால் எப்படி இருக்கு, அண்ணி?" என்று விசாரிப்பார். வாலு விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். எக்ஸ்ரேயைச் சரியாக மாட்ட வைத்தவளுக்குத் தன் பெயரைச் சரியாக எழுத வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் நான் டியூட்டியில் இருந்தேன். நான்காவது படுக்கைக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய் அப்போதுதான் நிலைப்பட்டிருந்தது. கை கழுவிவிட்டு போனைப் பார்த்தால் டைரக்டரிடமிருந்து ஒரு வீடியோவும் ஒரு வரியும். "திங்கட்கிழமை எபிசோடுக்கு ப்ரோமோ, நாளைக்கு வருது. இந்தத் தடவை உங்க பேரையும் போடறோம். பேர் சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்க சிஸ்டர்."

முப்பது விநாடி வீடியோ. நான் விரலால் கடைசிக்குத் தள்ளினேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. "முழுக்க முழுக்க மருத்துவ ஆலோசனையுடன்" என்று போட்டு, அடியில் என் பெயர், பக்கத்தில் மூத்த செவிலியர் என்று. கால் இருந்தது. அழகாக, நிமிர்ந்து நின்றது. எனக்கு ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம் வந்தது, அதை மறைப்பானேன்.

"சரி" என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிறும் டியூட்டி. டிவி பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அவள் பேசியதில் பாதி புரியவில்லை. "ஸ்கூல்", "ஃபிட்ஸ்", "ரத்தம்" என்ற மூன்றும் புரிந்தன. அவள் வேலை செய்யும் இடம் தூரம். ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடம் ஐந்து நிமிட நடை. யூனிஃபார்மோடு ஓடினேன்.

ஆசிரியர் அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு வாலுவைப் படுக்க வைத்திருந்தார்கள். வலிப்பு நின்று அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது. நாடி பார்த்தேன், சரியாக இருந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. மெதுவாக உதட்டை விலக்கினேன். மேல் வரிசையில் முன் பல் பாதி இல்லை. பால் பல்லாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். அது விழுந்து முளைத்த பல்.

"துண்டு எங்க?" என்றேன். அதுதான் என் முதல் பயம்.

ஒரு டீச்சர் சாக்பீஸ் டப்பாவின் மூடியை நீட்டினார். அதற்குள் காகிதத்தில் மடித்து அந்த அரைப் பல் இருந்தது. வகுப்பறைத் தரையெல்லாம் தவழ்ந்து தேடி எடுத்திருக்கிறார். சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கூட ஆகியிருக்காது. வலது கை ஆள்காட்டி விரலில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். கைக்குட்டை சிவந்திருந்தது. மேஜையில் அவருடைய சாப்பாட்டு டப்பாவும் அதன் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூனும் இருந்தன.

எந்த முட்டாள் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"எனக்கு ஃபிட்ஸ் பத்தி எதுவும் தெரியாது மேடம். நேத்து டிவியில காட்டினதாலதான் சட்டுனு தோணிச்சு. எட்டு மணி சீரியல் ப்ரோமோல அந்த டாக்டர் ஸ்பூனை எடுப்பாரு, அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்துடும். சும்மா சீரியல்னா நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனா நர்ஸ் ஒருத்தங்க பேரு போட்டு, அவங்க ஆலோசனைன்னு போட்டிருந்தாங்க. அதான் நம்பி செஞ்சேன்."

என் யூனிஃபார்மில் இடது பக்கம் பெயர்ப் பட்டை இருந்தது. என் வலது கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

தங்கை வந்து சேரும்வரை வாலு பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து, அந்த முப்பது விநாடியை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். பெண் விழுகிறாள். ஹீரோ ஸ்பூனைப் பிடுங்கும் கை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. யாரிடமிருந்து பிடுங்குகிறார் என்பது இல்லை. அடுத்து அவள் இறுகிய பற்கள். அடுத்து ஹீரோ முகம், எமன் வசனம். அடுத்து அவள் கண் திறக்கிறாள். எல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்துச் சரி சொன்ன ஷாட்டுகள்தான். வரிசையை மட்டும் மாற்றியிருந்தார்கள். கடைசியில் நானும் என் காலும். அதற்குக் கீழே, மூன்று பத்துக்கு நான் அனுப்பிய "சரி".

டைரக்டருக்கு போன் செய்து என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். பிறகு சொன்னார்: "ப்ரோமோ வெட்டறது வேற ஆளுங்க சிஸ்டர். சஸ்பென்ஸ் வேணும்னு அப்படிப் பண்ணுவாங்க. எங்களுக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆனா தப்பு சிஸ்டரே சரின்னுட்டாங்களே, அப்புறம் என்னன்னு விட்டுட்டோம்."

போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் யாரைத் திட்டுவது?

எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலில் எதுவும் இல்லை என்று பார்த்து, உதட்டுக்கு இரண்டு தையல் போட்டு, பல் டாக்டரிடம் துண்டைக் காட்டி, மாத்திரை அளவைக் கூட்டி எழுதி வாங்கி, வீட்டுக்கு வரும்போது மாலையாகிவிட்டது. வாலு என் சோபாவில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றாள். எட்டு மணிக்கு அவளே டிவியைப் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

காட்சி வந்தது. கேன்டீன்காரர் ஸ்பூனை எடுத்தார். ஹீரோ பிடுங்கினார். "வாயில எதுவும் வைக்கக் கூடாது" என்றார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாற்காலியைத் தள்ளி, தன் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, மணி பார்த்தார். இரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பிழை சொல்ல முடியாது. நான் பார்த்த எந்தத் தொடரிலும் இவ்வளவு சரியாக ஒரு வலிப்பைக் காட்டியதில்லை. பத்து மணிநேரம் முன்னால் வந்திருக்கலாம்.

தங்கை வாலுவின் காலைத் தன் மடியில் போட்டுப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். "எல்லாம் என்னாலதான்க்கா. நீ எத்தனை தடவை சொன்னே, ஸ்கூல்ல சொல்லுன்னு. நான் கேக்கல. அந்த ப்ரோமோவை நானும்தான் நேத்து பாத்தேன். நீ கதை சொல்லியிருந்ததால, அவர் பிடுங்கத்தான் போறாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"அதை எனக்கு அனுப்பினாங்க" என்றேன்.

அவள் கை நின்றது. "எப்போ?"

"சனிக்கிழமை."

"பாத்தியா?"

"கடைசியில என் பேரு இருந்துச்சு. அதை மட்டும் பாத்தேன். சரின்னு அனுப்பிட்டேன்."

தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். அவள் வாலுவின் காலை மறுபடி பிடித்துவிட ஆரம்பித்தாள். தொடர் முடிந்து பெயர்கள் ஓடின. வாலு தலையணையிலிருந்து எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். எப்போதும் போல் விரல் வைத்துத் தேடினாள். வீங்கிய உதட்டோடு, பல் போன இடத்தில் காற்றுப் போக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெரியம்மா, உன் கால் வந்துடுச்சு பாரு."